நாற்பத்தேழாம் பக்கம்

குடும்ப வரலாற்றைப் பக்கம் கட்டி அச்சேற்றும் வேலையைப் பெரியப்பா தன் தம்பி மகளிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், அவள் அச்சகத்தில் வேலை பார்த்தாள் என்பதுதான். வெளியாளிடம் கொடுத்தால் வீட்டு விஷயம் தெருவுக்குப் போகும். தகப்பனில்லாத தம்பி மகள் என்றால் வாயைத் திறக்க மாட்டாள். பெரியப்பா ஓய்வுபெற்ற பொறியாளர், பாலங்கள் கட்டியவர். எந்தத் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பது போல, எந்த ஆள் எவ்வளவு பொறுத்துக்கொள்வான் என்றும் கணக்கு வைத்திருந்தார்.

கையெழுத்துப் பிரதி முழுவதும் அவர் எழுதியதுதான். அதில் தாத்தா பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த ஒன்பது வருடங்களுக்கு ஒரே ஒரு வரி. "மூத்த மருமகள் அவரைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாள்."

மூத்த மருமகள் என்றால் பெரியம்மா. தாத்தா கிடந்ததோ தம்பி வீட்டுப் பின்னறையில். அவரைப் புரட்டிப் போட்டது, துடைத்தது, கரண்டி கரண்டியாக ஊட்டியது எல்லாம் இளைய மருமகளான இவளுடைய அம்மா. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய், இன்றைக்கும் குனிந்து செருப்பு மாட்ட முடியாது அவளால்.

"பெரியப்பா, தாத்தா எங்க வீட்டுலதான இருந்தாரு?"

"யார் வீட்டுல இருந்தா என்னம்மா? புஸ்தகத்துல விலாசமா போடுறோம்?" தன் பேச்சை ரசித்துத் தானே சிரித்துவிட்டு, ஒரு குரூப் போட்டோவை நீட்டினார். "ஓரத்துல ஒருத்தி கண்ணை மூடிட்டு நிக்குறா பாரு. அதை வெட்டிடு. பக்கத்துக்கு அடங்கும்."

ஓரத்தில் நின்றது அம்மா. அது யார் என்று கூட அவர் உற்றுப் பார்க்கவில்லை.

"சரி பெரியப்பா" என்றாள். படத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் மகள் சொன்னதை அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "விடுடி. அச்சுல வந்தாத்தான் செஞ்சதா ஆகுமா?" சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் மகள் முடிவு செய்தாள். அம்மா பெயர் புத்தகத்தில் ஏறினால் மட்டும் போதாது. பெரியப்பா தன் கைக்காசில் போடும் புத்தகத்தை வைத்தே அவர் மூக்கை அறுக்க வேண்டும்.

வழியைக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். "புரூஃபை முழுசா யாருக்கும் அனுப்பாதே. அவனவன் பக்கத்தை அவனவனுக்கு அனுப்பு. இல்லன்னா ஒருத்தன் பக்கத்தை இன்னொருத்தன் கிளறுவான்" என்றார்.

அப்படியே அனுப்பினாள். பெரியப்பாவின் மகன், பல் டாக்டர் அண்ணன், தன் தொழிலுக்கு முன்னால் 'புகழ்பெற்ற' என்று சேர்த்து அனுப்பினார். அத்தை போன் போட்டு, "என் வயசை ஏன்டி போட்ட? பல் டாக்டர் வயசைப் போடு, எனக்கு வேண்டாம்" என்றாள். அடுத்தவர் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்துப்போன தாத்தாவின் பக்கத்தைத் திருத்தி அனுப்ப ஆளே இல்லை.

அது நாற்பத்தேழாம் பக்கம். அதில் அந்த ஒன்பது வருடங்களை எழுதினாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தார்கள், யார் தாத்தாவின் கைக்கடிகாரத்தை 'ரிப்பேர் பண்ணித் தருகிறேன்' என்று வாங்கிப்போனார்கள். ஒரு வசவு இல்லை. எழுதிவிட்டுப் பயந்தாள். எனக்கு அப்போது வயது என்ன, கோபத்தில் நானே ஜோடிக்கிறேனோ என்று குழம்பி, சந்தேகமான வரிகளை எல்லாம் அடித்தாள். அடிக்க அடிக்க மிச்சமிருந்தது கூர்மையாகிக்கொண்டே போனது.

பக்கத்தின் முதல் வரியை மட்டும் வேறு மாதிரி வைத்தாள். "தகப்பனார் மீது மூத்த மகன் கொண்டிருந்த பக்தியை ஊரே அறியும்." கடைசிப் புரூஃபில் பெரியப்பா தன் முப்பது பக்கங்களைப் பென்சிலோடு படித்தார். நாற்பத்தேழில் முதல் வரியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கையெழுத்தைப் போட்டார்.

பிறகு பெயரடைவு. யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் வரும் பட்டியல். பக்கங்கள் எல்லாம் முடிவான பிறகுதான் அதைப் போட முடியும் என்பதால் அதற்குப் புரூஃப் கேட்பாரில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரவர் பக்கத்துக்கு முன்னால், 47 என்று போட்டாள். பொய்யில்லை. எல்லோருமே அங்கே இருந்தார்கள்.

அச்சக முதலாளி பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி ஏதாவது உண்டா?"

"இல்ல சார். கல்லு மாதிரி இருக்காரு."

"அப்ப ஓட்டிரலாம்."

வெளியீட்டு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் புத்தகத்தை வாங்கியதும் பின்னாலிருந்து திறந்தார்கள். விரல் பெயரைத் தேடிப் போனது. தனக்கு ஒரு பக்கம் கூடுதலாக வந்திருப்பதைக் கண்டு அத்தைக்கு முகமெல்லாம் பல். திருப்பினாள். பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன, முன்வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கம் திரும்பின. மேடையில் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெரியப்பா, கூட்டம் இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிறதே என்று பூரித்துப்போனார். பல் டாக்டர் அண்ணன் மேடையேறி, பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைக்கும்வரை.

பெரியப்பா படித்தார். கழுத்து சிவந்தது. இறங்கி நேராக அம்மாவிடம் வந்தார்.

"உன் பொண்ணு என்ன எழுதி வச்சிருக்கா பாரு. நீ நல்லவ. இதெல்லாம் பொய்னு நாலு பேர் முன்னாடி சொல்லிடும்மா. இத்தோட முடிச்சுக்குவோம்."

அம்மா 'விடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் மண்.

அம்மா புத்தகத்தை வாங்கினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். மண்டபம் மொத்தமும் காத்திருக்க, அவசரமே இல்லாமல் பக்கத்தின் அடிவரை விரல் வைத்துப் படித்தாள்.

"தப்பு இருக்கு" என்றாள்.

பெரியப்பா கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார். "கேட்டுக்கோங்க."

"நீங்க ரெண்டு தடவை வந்து பார்த்ததா போட்டிருக்கா. சின்னப் புள்ள, ஞாபகமில்ல." அம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். "ஒரு தடவைதான் வந்தீங்க. அதுவும் பத்திரத்துல அவரு கைநாட்டு வாங்க."