நூற்றில் பதினெட்டு

முளைப்புச் சோதனையின் ஏழாம் நாள் எண்ணிக்கையைத் தள்ளிப்போட முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் மனைவி விதை ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். பூட்டிய கட்டடத்தில் தனியாக இருக்க வேண்டாமென்று நானும் கூடப் போனேன். ஈரத்தாளைப் பிரித்தாள். நூறு பயறு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்: நல்ல நாற்று, கோணல் நாற்று, செத்தது. ஊறாமல் கூழாங்கல் போலக் கிடந்தவற்றை ஒரு தட்டில் தனியாகச் சேர்த்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. அவள் கை கழுவப் போனபோது குறிப்பேட்டைத் திருப்பினேன்.

'நூற்றில் பதினெட்டு கல் விதை. உயிர் இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடவில்லை.'

மூன்றாவது தொகுப்புக்குக் கடைசிக் கவிதை வராமல் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மேசை, தனியறை, கதவைச் சாத்தினால் யாரும் தட்டக் கூடாது என்ற சட்டம், எல்லாம் எனக்கு. அவளுக்கு 'குறிப்புகள்' என்று தலைப்பிட்ட இரண்டு விரற்கடை அகலப் பத்தி. நின்றுகொண்டே எழுதியிருக்கிறாள். ஓர் அடித்தல் இல்லை. வயிறு எரிந்தது. வேறொரு கவிஞன் எழுதியிருந்தால் நாலு நாள் குறை சொல்லி ஆறியிருப்பேன். இவளோடு ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவளுடைய மூன்று வரிகளையும் எழுதினேன். முன்னால் என்னுடைய ஆறு வரிகளைச் சேர்த்தேன். எண் கவிதைக்கு ஆகாது என்று பதினெட்டை எடுத்துவிட்டேன்.

பதிப்பாளர் பாராட்டுவதில் கஞ்சன். போனில் சொன்னார்: "கவிஞரே, முப்பத்தொன்பது கவிதை வாசிச்சேன், கொட்டாவி வந்துது. நாப்பதாவதுல நிமிந்து உக்காந்துட்டேன். அந்த முதல் ஆறு வரிய மட்டும் வெட்டிடறேன். கடைசி மூணு போதும்."

வெட்டினார். அந்த மூன்று வரிகளைப் பின்னட்டையிலும் போட்டு மெய்ப்பு அனுப்பினார். நாலு மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். முதல் இரண்டு தொகுப்புகளுக்கும் அவள்தான் பிழை பார்த்தாள். இந்த முறை வேண்டாமென்றால் ஏனென்று கேட்பாள். கொடுத்தேன்.

முப்பத்தொன்பது கவிதைகளில் மூன்று எழுத்துப்பிழை. நாற்பதாவதில் பென்சில் நின்றது.

"இது என் நோட்டுல இருந்ததுங்க."

"ஆமா."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். நோட்டில் கிடந்தால் அது தகவல், புத்தகத்தில் வந்தால்தான் கவிதை என்று ஒரு பதில்கூட வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

"பதினெட்ட ஏன் விட்டீங்க?"

"கவிதையில எண்ணிக்கை எதுக்கு?"

"அப்ப பொய்யாயிடுமே. எழுபத்தொன்பது நல்லா முளைச்சுது. பதினெட்டு மட்டும் மாட்டேன்னு உக்காந்திருந்துச்சு. அதாங்க விஷயமே."

ஓரத்தில் 'நூற்றில் பதினெட்டு' என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.

வாசித்துப் பார்த்தேன். எண் வந்ததும் அந்தப் பதினெட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. இரண்டாம் முறையும் அவளே எழுதிவிட்டாள்.

பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெற்றிடம். ஒரு பெயர் எழுத அது போதும். எழுதினால் பின்னட்டையும் அவளுடையது, புத்தகத்தில் எனக்கு மிஞ்சுவது கொட்டாவி. எழுதாவிட்டால் அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அனுப்பியாச்சா?" உள்ளிருந்து குரல் வந்தது. மணி மூன்று நாற்பது.

"இன்னும் இல்ல."

ஜன்னலோரம் ஒரு சாசரில் அந்தப் பதினெட்டும் இருந்தன. குப்பைக்குப் போக வேண்டியவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து, நேற்றுதான் பிளேடால் தோலைக் கீறி நனைத்திருந்தாள். பதினேழு ஊறிப் பருத்திருந்தன. பிளேடுக்குத் தப்பிய ஒன்று அப்படியே கிடந்தது. அதை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன்.

நகம் வளைந்தது.