ஏறிய தடம்

அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அவள் துழாவியபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

"என்னத்தைத் தேடுறே?" என்றான் அண்ணன்.

"டூல் பை."

"இப்பவா?"

"குன்று மேல அப்பா நாற்காலி அப்படியே நிக்குது. மழை இருட்டிக்கிட்டு வருது. கண்ட்ரோலர்ல தண்ணி இறங்கிட்டா போச்சு."

"போகட்டுமே! இன்னும் யாரை ஏத்தி அனுப்பப் போறே அதுல?"

பெரியம்மா, "அட விடுப்பா, இந்த நேரத்துல" என்றாள். அவன் விடவில்லை.

"எங்கிட்ட என்ன சொன்னே? சரிவு அதிகமானா தானா நின்னுடும், பயப்படாதேன்னு சொன்னியா இல்லையா? நின்னுச்சா? உச்சி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கு. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம போய்ச் சேர்ந்துட்டாரு. உன் சுவிட்ச் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா வாய்க்கால் கரையோட திரும்பியிருப்பாரு."

டாக்டர் மாரடைப்பு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். உறக்கத்தில் வந்திருந்தாலும் இதேதான் என்றும் சொன்னார். ஆனால் அவள் காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் கேள்விதான். அண்ணன் அதைச் சத்தமாகக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான்.

அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "போயிட்டு வா. நாலு மணிக்குத்தானே எடுக்குறாங்க." கொஞ்சம் பொறுத்து மகனைப் பார்த்தாள். "நீயும் போ. சும்மா பேசாதே. கண்ணால பாத்துட்டு வந்து பேசு."

இருவரும் பின்வாசல் வழியாக இறங்கினார்கள். அவன் முன்னால் நடந்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தாள்.

அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவள். சந்தைக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடை. ஊரில் எரிந்துபோன பம்பு மோட்டார் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். அப்பா லாரி ஓட்டியவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. நான்கு வருடம் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். யாரோ கழித்துப் போட்ட ஒரு பேட்டரி நாற்காலி கிடைத்தது. அது ஆஸ்பத்திரித் தரையில் ஓடப் பிறந்தது. வாசல் மண்ணில் இறங்கியதும் புதைந்து நின்றது.

"என்னடி இது, தரையைப் பாத்து வெக்கப்படுது?" என்றார் அப்பா.

அவள் ஏழு மாதம் உழைத்தாள். கையால் பிடித்து ஓட்டுகிற உழவு மெஷினின் டயரைப் பின்னால் மாட்டினாள். அம்புக்குறி அம்புக்குறியாக ரப்பர்க் கட்டை வைத்த டயர். அச்சை இரண்டு பக்கமும் நாலு விரல் அகலப்படுத்தினாள். ஸ்கூட்டர் பேட்டரியைத் தரையோடு தரையாக உட்காருமிடத்தின் அடியில் தொங்கவிட்டாள். பெரிய பல்சக்கரம் போட்டுச் சங்கிலியால் இழுக்கவைத்தாள். வேகம் செத்தது, பலம் வந்தது. முதல் நாளே அப்பா வாய்க்கால் கரை மேட்டில் விட்டு ஏற்ற, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. அவள் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் மல்லாக்கக் கவிழ்ந்திருப்பார்.

அன்று சாயங்காலமே அந்த சுவிட்சைச் செய்தாள். சின்னக் குழாய்க்குள் ஒரு இரும்புக் குண்டு. நாற்காலியின் முன்பக்கம் அளவுக்கு மேல் தூக்கினால் குண்டு பின்னுக்கு உருண்டு டொக்கென்று விழும், மோட்டார் நின்றுவிடும். இறங்கும்போது நின்றால் வழியிலேயே மாட்டிக்கொள்வாரே என்று அந்தப் பக்கம் மட்டும் விட்டுவைத்தாள்.

"கழட்டிடேன்டி" என்று ஒரு வாரம் கெஞ்சினார் அப்பா.

"முடியாது."

"முப்பது வருசம் லாரி ஓட்டினவனுக்கு வாத்தியார் வேலை பாக்குறே."

"ஆமா, பாக்குறேன்."

எட்டாம் நாள் கெஞ்சலை விட்டுவிட்டு, "சரி போ. ரெண்டு பக்கமும் ஸ்கூட்டர் கண்ணாடியாவது வெச்சுக் குடு" என்றார். யாருக்காகத் தலை வாரப் போகிறீர்கள் என்று அவள்கூடக் கேலி செய்தாள்.

குன்றின் அடியில் மண்பாதை தொடங்கியது. உச்சியில் செல்போன் டவர் வந்தபோது ஜீப் ஏறுவதற்காக வெட்டிய பாதை. பிறகு மழை அதைத் தின்றுவிட்டது. நேற்றைய மழையில் பழைய அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. காலையில் தூக்கி வந்தவர்களின் காலடிகளுக்கு நடுவே, நாற்காலி ஒரே ஒரு தடவை போன டயர்த் தடம் சுத்தமாகப் பதிந்து கிடந்தது.

அவள் நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இங்க வா. இந்த அம்பைப் பாரு."

"என்ன அம்பு?"

"டயர்க் கட்டை. முனை எப்பவும் நாற்காலி பாத்த பக்கம்தான் பதியும். நான்தானே மாட்டினேன். முனை வீட்டைப் பாத்து இருக்கு."

"அதனால?"

"இது இறங்கின தடம். ஏறின தடத்தையே காணோம்."

அண்ணன் எரிச்சலோடு பாதையின் இரண்டு ஓரமும் நடந்து பார்த்தான். வேறு தடம் இல்லை.

"ஏறாம எப்படி இறங்குவாரு? வானத்துல இருந்து குதிச்சாரா? மேலதானே கிடந்தாரு!"

ஏறினார்கள். பாதி வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதை குறுகியது. அவள் தடத்துக்கும் பாறைக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் மூன்று விரல். அந்தப் பக்கம் மூன்று விரல். பாறையில் ஒரு கீறல் இல்லை. அதற்கு மேல் சரிவு நிமிர்ந்து நின்றது. அவளே கையை ஊன்றித்தான் ஏறினாள். தடம் அவள் முகத்துக்கு நேராக, வகிடு எடுத்ததுபோல, கோணாமல் போய்க்கொண்டிருந்தது. சறுக்கிய அடையாளம் ஓரிடத்திலும் இல்லை.

உச்சியில் டவரின் வேலியோரம் நாற்காலி வீட்டைப் பார்த்து நின்றது. பெல்ட் அவிழ்ந்து தொங்கியது. சாவியைத் திருப்பினாள். பேட்டரி அளவு காட்டும் ஐந்து விளக்கில் மூன்று எரிந்தன. வீட்டுக்குப் போகவும் தாராளமாக மிச்சம் இருந்தது.

"முன்பக்கத்தைத் தூக்கு" என்றாள்.

அண்ணன் குனிந்து கால்பலகையைப் பிடித்துத் தூக்கினான். ஒரு சாண் தூக்கியதும் உள்ளே குண்டு உருண்டது. டொக். விளக்கு மூன்றும் அணைந்தன.

"இறக்கு. இன்னொரு தடவை."

டொக்.

மூன்றாவது தடவை அவள் கேட்காமல் அவனே தூக்கினான். டொக்.

"வேலை செய்யுதே" என்றான்.

"செய்யுது."

"அப்புறம் எப்படி..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவன் கண் கண்ணாடிகளில் நின்றது. இரண்டும் முகம் பார்க்கிற வாக்கில் இல்லை. தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன, பின்சக்கரத்தின் ஓரம் தெரிகிற மாதிரி. படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் லாரியில் இரண்டு வருடம் கிளீனராகப் போனவன் அவன்.

"ஏய்" என்றான். குரல் மாறியிருந்தது. "டிப்போவுல அப்பாவை என்னன்னு கூப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா?"

"ரிவர்ஸ்."

"மலை ரோட்டுல லோடு வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா எல்லாரும் கல்லை வெச்சுட்டு உக்காந்துடுவாங்க. இவரு வண்டியைத் திருப்புவாரு. முதல் கியரை விட ரிவர்ஸுக்குத்தான்டா இழுவை அதிகம்னு சொல்லிக்கிட்டு, கண்ணாடியை இப்படிக் கீழ தட்டிவிட்டுட்டு, பின்னாலேயே..."

இருவரும் திரும்பி வந்த வழியைப் பார்த்தார்கள். அந்தச் சரிவை. அந்தப் பாறை இடுக்கை.

டவர் வாட்ச்மேன் கீழேயிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பதரை வண்டியிலதான் வந்தேன் தம்பி. என்னைக்கும் எட்டு மணிக்கெல்லாம் இங்க இருப்பேன். இன்னைக்குன்னு பாத்து..."

"தினமும் வருவாரா?" என்றாள் அவள்.

"மழை இல்லாத நாளெல்லாம். மூணு மாசமா. முதல் தடவை பாத்தப்போ பயந்தே போயிட்டேன் பாப்பா. ஒரு மனுசன் முதுகைக் காட்டிக்கிட்டு மலை மேல ஏறி வர்றாரு! என்னங்க அண்ணே இப்படின்னு கேட்டா, 'எம் பொண்ணு பூட்டு போட்டுட்டாய்யா. பலமான பூட்டு. ஆனா முன்பக்கம் மட்டும்தான் போட்டிருக்கா'ன்னு ஒரு சிரிப்பு. 'சொல்லிக்கில்லிடாதே, பின்பக்கமும் போட்டுருவா'ன்னாரு."

அவள் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க வந்து என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு. வந்து நின்னதும் ஒரு தடவை கையைத் தூக்குவாரு. கீழ உங்க வீட்டுல ஒரு வெள்ளைத்துணி ஆடும். அப்புறம் ஒரு அரை மணி நேரம் உக்காந்திருந்துட்டு இறங்கிடுவாரு."

அண்ணன் அவளைப் பார்த்தான். காலையில் அப்பாவைத் தேடி அவனை அனுப்பியது அம்மாதான். வாய்க்கால் பக்கம் திரும்பியவனை, "அங்க வேணாம். மேல போ" என்று சொல்லித் திருப்பியதும் அம்மாதான். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்கவில்லை.

தூரத்தில் இடி உருண்டது. "நீங்க தள்ளிக்கிட்டு இறங்க முடியாது பாப்பா" என்றார் வாட்ச்மேன். "ஓட்டிட்டுத்தான் போகணும்."

அவள் உட்கார்ந்தாள். செய்த ஏழு மாதத்திலும் அதற்குப் பிறகும் அதில் ஒருநாளும் அவள் உட்கார்ந்ததில்லை. பெல்ட்டை மாட்டினாள்; அது அப்பாவின் அளவில் இருந்தது. நிமிர்ந்தாள்.

கீழே எல்லாம் இருந்தது. வாய்க்கால் ஒரு கம்பியாக, அவள் கடையின் நீலத் தகரக் கூரை ஒரு பொட்டாக, நெடுஞ்சாலையில் எறும்புபோல ஊரும் லாரிகள், அதற்கு அப்பால் அவள் இதுவரை பார்த்தேயிராத இன்னொரு ஆறு. நடுவில் வீடு. முதுகைத் திருப்பிக்கொண்டு ஏறியவருக்கு முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் வீடு கண்ணிலேயே இருந்திருக்கும். அது சுருங்கச் சுருங்க, அதைச் சுற்றி இதெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்திருக்கும். சமையலறை ஜன்னலின் கம்பியில் வெள்ளையாக ஏதோ முடிந்து தொங்கியது. காலையிலிருந்து அதை யாரும் அவிழ்க்கவில்லை.

"மெதுவா" என்றான் அண்ணன்.

"அது மெதுவாத்தான் போகும்."

பிடியை முன்னால் தள்ளினாள். சங்கிலி முனகி இழுத்தது. அண்ணன் நாற்காலியின் முதுகுப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். பிடிக்கத் தேவையில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பாறைச் சந்துக்கு வந்ததும் அவனே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான், கிளீனர் சொல்வதுபோல: "வரலாம்... வரலாம்... ரைட்டுல மூணு விரல்... வரலாம்..."

அடிவாரத்தில் முதல் தூறல் விழுந்தது. அவள் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஈர மண்ணில் இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் அம்புகள் வீட்டைப் பார்த்தே இருந்தன. எது ஏறியது, எது இறங்கியது என்று பார்க்கிற யாருக்கும் தெரியாது.