எட்டு லோடு மண்

மீன் குடலும் செதிலும் நிறைந்த கூடையை எந்தக் கண்டக்டரும் பஸ்ஸில் ஏற்றமாட்டான். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் படப்பைச் சந்தையிலிருந்து சேரப்பணஞ்சேரி வரைக்கும் அருள்மேரி நடந்துதான் வருவாள். கூடையிலிருந்து கசியும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கையை நனைக்கும். எதிரே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். அவள் சட்டை செய்வதில்லை. கழிவு வெல்லம் சேர்த்துப் பானையில் மூடிவைத்தால் இருபது நாளில் அந்த நாற்றம் போய்விடும். ஒரு குவளைக்கு இருபது குவளை தண்ணீர் கலந்து ஊற்றினால், வாடிக் கிடந்த கத்தரிச் செடிகூடத் தலையைத் தூக்கும்.

ஏரிக்கரைக்குக் கீழே அவளும் புருஷன் யாக்கோபும் குடிசை போட்டபோது அந்த மூன்று சென்ட் வெறும் சுக்கான் கல். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. முதல் வருஷம் கீரை விதை தூவினாள், எருக்குதான் முளைத்தது. அப்புறம் ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடைகளின் தேயிலைச் சக்கை, ஓட்டல் அடுப்புச் சாம்பல், கிடை போட வந்தவனிடம் கெஞ்சி வாங்கிய ஆட்டுப் புழுக்கை, ஏரி வற்றிய கோடையில் அள்ளிய வண்டல், மிதித்துப் புதைத்த கொழிஞ்சித் தழை என்று ஆறு வருஷம் தலையில் சுமந்து வந்து கொட்டினாள். இப்போது கையை விட்டால் முழங்கை வரைக்கும் இறங்கும். புறம்போக்கில் குடியிருப்பதற்கு வருஷா வருஷம் அபராதம் கட்டி, ரசீதுகளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

அன்று ஏரிக்கரை திரும்பியதும் லாரி நிற்பது தெரிந்தது. வேலியைப் பிடுங்கி ஓரமாய் எறிந்திருந்தார்கள். காய்த்த கத்தரிச் செடிகள் வேரோடு குவிந்து கிடந்தன. பாதித் தோட்டம் பள்ளமாகி, அடியில் பழைய கல் பல்லைக் காட்டியது. மண்ணை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஐந்து பேரில் ஒருவன் யாக்கோபு.

கூடை அவள் தலையிலிருந்து நழுவி விழுந்தது.

"இன்னாய்யா பண்ற நீ?"

யாக்கோபு நிமிரவில்லை. லாரி நிழலில் நின்றிருந்த தாண்டவராயன்தான் முன்னால் வந்தார். மண், ஜல்லி காண்ட்ராக்ட் எல்லாம் அவர்தான். யாக்கோபு அவரிடம் லோடு ஏற்றுகிறவன்.

"கத்தாத. பொறம்போக்கு மண்ணு, சர்க்கார் மண்ணு. பர்மிட் வாங்கிகினுதான் எடுக்கறேன். புது பேக்டரி டைரக்டர் பங்களாவுல புல்லு போடணுமாம். அங்க மொத்தமும் சரளை. நல்ல மண்ணு எங்க கீதுன்னு கேட்டேன், உன் வூட்டுக்காரன்தான் சொன்னான்."

"சர்க்கார் மண்ணா? தோ, அடியில தெரியுது பாரு கல்லு, அதான் சர்க்காரோடது. அத்த எட்துகினு போ. மேல கீறது நான் பண்ண மண்ணு!"

"மண்ணப் பண்ணியா? நீ இன்னா சாமியா?"

லாரி மேல் நின்றவர்கள் சிரித்தார்கள். யாக்கோபு சிரிக்கவில்லை. மண்வெட்டியை நிறுத்தவும் இல்லை.

அருள்மேரி குடிசைக்குள் ஓடி ரசீதுகளைக் கொண்டுவந்து நீட்டினாள். தாண்டவராயன் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அபராதம் கட்டின சீட்டு. ஆக்கிரமிச்சது நெசந்தான்னு நீயே வருஷா வருஷம் ஒத்துகினு கீற."

அவள் மீதித் தோட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். வெட்டிக்கொண்டே வந்தவர்கள் அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார்கள்.

"யாக்கோபு, உன் பொண்டாட்டிய நீயே எழுப்பு. இல்ல, நாளைலேருந்து லாரி பக்கம் வராத."

யாக்கோபு வந்து அவள் தோளைப் பிடித்தான். குனிந்து அவள் காதோரம் சொன்னான்.

"பெருமையாத்தான் மேரி சொன்னேன். எங்க வூட்டு மண்ணுல கல்ல நட்டாக்கூட மொளைக்கும்னேன். இப்டி ஆவும்னு நெனைக்கல."

"கைய எடு."

எடுத்தான். அவள் தானாகவே எழுந்து, பிடுங்கிப் போட்ட வேலி மேல் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும் வரைக்கும் அங்கிருந்து அசையவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டாவது லோடு நிறைந்ததும் லாரியின் பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறி மண்ணின் மேல் உட்கார்ந்தாள். இறங்கச் சொல்லி டிரைவர் கத்தினான். அவள் பார்த்த பார்வையில் வண்டியைக் கிளப்பிவிட்டான். தாண்டவராயன் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், யாக்கோபு பின்பலகையில் தொற்றிக்கொண்டு வந்தான்.

பங்களாவில் ஏழு லோடு மண்ணையும் பரப்பித் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஈரம் பட்டதும் மண்புழுக்கள் மேலே வந்திருந்தன. வடக்கத்தி அம்மாள் ஒருத்தி வராந்தாவில் நின்று, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். தோட்டக்காரன் பாண்டுரங்கன் பூச்சி மருந்து டப்பாவோடு ஓடிவந்தான்.

அருள்மேரி லாரியிலிருந்து குதித்தாள்.

"யோவ், போடாத! அது நல்ல புழுய்யா! அது செத்துச்சுன்னா மண்ணு செத்துப்பூடும்! யம்மா, நீயாவது சொல்லும்மா! ஆறு வருசம் தலையில செமந்தேன், என் மண்ணக் குட்த்துடச் சொல்லும்மா!"

அந்த அம்மாள் திகைத்துப்போய்ப் பாண்டுரங்கனிடம் இந்தியில் என்னவோ கேட்டாள். அவன் அருள்மேரியை ஒரு முறை பார்த்தான். லாரியைப் பார்த்தான், அதன் பக்கத்தில் நின்ற தாண்டவராயனையும் பார்த்தான். பிறகு அம்மாளிடம் தெரிந்த இந்தியில் நாலு வார்த்தை சொன்னான். அவள் தலையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா சொன்ன?"

"கூலி கேக்குதுன்னு சொன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற? காண்ட்ராக்டர் தருவார்னு சொல்லிட்டுப் போறாங்க. போம்மா, என் பொழப்பக் கெடுக்காத."

அவன் டப்பாவின் மூடியைத் திறந்து வெள்ளைப் பொடியைத் தூவினான். கறுத்த மண்ணில் புழுக்கள் முறுக்கிக்கொண்டு துள்ளின.

"யாக்கோபு," என்றார் தாண்டவராயன். "மருந்து அடி வரைக்கும் எறங்கணும். நல்லா கெளறி வுடு."

யாக்கோபு மண்வெட்டியை எடுத்தான்.