நட்டு நின்ற இடம்

"பொணத்த வீட்டுல வச்சுக்கிட்டு லேத்த ஓட்டப் போறியா?" பட்டறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அத்தை ஃபிதெலினா.

நொயேலியா அவளை விலக்கிவிட்டு உள்ளே போனாள். வேறு வழி? அப்பாவின் உடலை அக்கரைக்குக் கொண்டுபோக வந்த மக்காரியோவின் லாஞ்சுப் படகில் விசிறித் தண்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் உடைந்திருந்தது; புதிதாக ஒன்று கடைந்தாக வேண்டும். மற்ற படகுகளெல்லாம் கடலில். அம்மாவின் குழி அக்கரையில். பக்கத்திலேயே தன்னையும் போட வேண்டும் என்று மனுஷன் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓதம் இறங்கி நீர் வற்றிவிட்டால் துறை வெறும் சேறு. நாளை வரை வைத்திருக்க இந்த வெயில் விடாது.

"நீர் எறங்க ஆரம்பிச்சாச்சு, பொண்ணே," என்றான் மக்காரியோ.

"எனக்கும் கண்ணு இருக்கு."

லேத்தின் பிடிவாயான சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து மேலே நெம்பினாள். அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் லொடக்கென்று ஆடியது. இதில் கடைந்தால் புஷ் வட்டமாக வராது. நடுக்கடலில் மறுபடி உடையும்.

நேற்று இந்த ஆட்டத்தை எடுக்கத்தான் அப்பா உட்கார்ந்தார். பூட்டு நட்டைத் தளர்த்தினார், உள் நட்டில் ஸ்பேனரை மாட்டினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஸ்பேனர் இன்னும் அங்கேயே தொங்கியது, அவருடைய கிரீஸ் விரல் தடங்களோடு.

அவளுக்குக் கை போகவில்லை. திருப்பிவிட்டால் அவர் விட்டுப்போன இடம் போய்விடும். ஒரு பாழாய்ப்போன நட்டுக்கா இப்படி அழுகை வரும்? வந்தது.

"நொயேலியா, தண்ணி."

திருப்பினாள். ஆட்டம் நின்றது. பயத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பூட்டி, ஓட்டினாள். சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் எண்ணெய் கருகும் வாடை. பேரிங் கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்தவள் "ஐயோ" என்று இழுத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்தாள். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பேரிங் இறுகிப் பிடித்திருக்கும்.

"நான்தான் சொன்னேனே," என்றாள் அத்தை. "கோயில் வாசல மிதிக்காதவன். சாகும்போதுகூட வாயில ஒரு செபம் வரல. இவன ஆண்டவர் எப்படிடி ஏத்துக்குவாரு?" குரல் உடைந்தது. காலையிலிருந்து அவள் எல்லாரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

 கூடு ஆறியதும் நொயேலியா நட்டை மயிரிழை பின்னால் விட்டு, மறுபடி ஓட்டினாள். சூடு ஏறி நின்றதும் உள்ளங்கையை அழுத்தி வைத்து, "எங்கள் தந்தையே" செபத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னடி இது, இப்பப் போயி?"

"அப்பா இப்படித்தான் பாப்பாரு. செபம் முடியுற வரைக்கும் கை தாங்கணும். நடுவுல சுட்டா நட்டு இறுக்கம்."

"உங்கப்பன் ஹில்தோவா? செபமா?"

"ஒவ்வொரு தடவையும். ஒரு வார்த்த முழுங்க மாட்டாரு."

நொயேலியா விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தாள். பாதியிலிருந்து அத்தையும் சேர்ந்து சொன்னாள். மக்காரியோ தொப்பியைக் கழற்றினான். ஆமென் வரை கை தாங்கியது.

வெண்கலம் வழவழவென்று சீவி வந்தது. புஷ்ஷைச் சுடச்சுடத் துணியில் சுற்றிக்கொண்டு துறைக்கு ஓடினான் மக்காரியோ. முற்றத்துப் பெண்கள் காப்பிக் கோப்பைகளை வைத்துவிட்டு, நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் லாஞ்சு இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

முன்னறையில் ஆட்கள் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள்.

"வா அத்தை, தூக்குறாங்க."

நின்றுபோன லேத்தின்மேல் கையை வைத்தபடி இருந்தாள் அத்தை.

"இருடி," என்றாள். "இன்னும் சூடு இருக்கு."