அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை

முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் வேலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் பாதி வேலை. சொல்லிவிட்டுப் போனால் எல்லாக் கட்டிலிலும் புது விரிப்பு இருக்கும். எல்லார் வாயிலும் ஒரே பதில் இருக்கும். அன்று காலை மழையோடு மழையாக ஆய்வாளர் அந்த இல்லத்தின் வாசலில் இறங்கியபோது, நிர்வாகி வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"வாங்க மேடம், வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!"

"அதுக்குத்தான் பண்ணல," என்றாள் அவள், குடையை உதறிக்கொண்டே.

கீழ்த்தளத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மருந்து அலமாரி பூட்டியிருந்தது. சமையலறை சுத்தமாக இருந்தது. மாடி ஏறியதும்தான் வாடை வந்தது. கிருமிநாசினியை வாளி வாளியாக ஊற்றினாலும் அமுங்காத வாடை அது. இருபது வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்கு அது என்னவென்று மூக்கே சொல்லிவிட்டது.

நடைவழியின் கோடியில் இருந்த அறையில் இரண்டு பேர். சன்னல் ஓரக் கட்டிலில் படுத்தபடுக்கையாக ஓர் அம்மாள். அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவருடைய நாத்தனார். வாய் ஓயாது என்பதால் இல்லத்தில் எல்லாரும் அவரை 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே தையல் மிஷினோடு காலத்தை ஓட்டியவர். அண்ணன் இருந்தவரை அண்ணியும் நாத்தனாரும் கீரியும் பாம்பும். அவர் போன பிறகு ஒருத்தியை விட்டு ஒருத்தி நகர்ந்ததில்லை. இல்லத்துக்கு வந்தபோதும், ஒரே அறை என்றால் வருகிறோம், இல்லையென்றால் தெருவிலேயே கிடக்கிறோம் என்று சொல்லித்தான் வந்தார்களாம்.

ஆய்வாளர் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அழைப்பு மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"அது வேலை செய்யாதும்மா," என்றார் ரேடியோ. "எதுக்கு மணி? நான் ஒருத்தி கல்லு மாதிரி இருக்கேனே. அண்ணிக்கு ஒரு குறையும் இல்ல. நேரத்துக்குத் தண்ணி, நேரத்துக்கு மருந்து. எழுதிக்கோ."

"திருப்பிப் படுக்க வைக்கறது யாரு?"

"எல்லாரும்தான்."

"அம்மா முதுகை ஒரு தடவை பாக்கணும்."

ரேடியோ நின்றுபோனது. நாத்தனாரின் கை எட்டிப்போய்ப் போர்வையின் ஓரத்தை இறுக்கிக்கொண்டது. ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள்.

"இப்பதான் தூங்கினாங்க. எழுப்பாத."

"நான் தூங்கலை," என்றார் அண்ணி கண்ணைத் திறக்காமல். "விடுடி. பாக்கட்டும்."

"நீங்க சும்மா இருங்க அண்ணி!"

"எவ்வளவு நாளைக்குடி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்ப?"

போர்வையிலிருந்து அந்த விரல்களை ஆய்வாளர் ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அண்ணியை ஒருக்களித்துத் திருப்பினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் மேல் கிழிந்த பருத்திச் சேலைத் துண்டை நாலாக மடித்து, ஓரம் தைத்து, யாரோ பதவிசாக வைத்திருந்தார்கள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. நாத்தனார் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே இறங்கினார். வாசலில் நிர்வாகி மறித்துக்கொண்டார்.

"இவங்களும் இங்க இருக்கறவங்கதான் மேடம். டாக்டர் அனுமதி இல்லாம வெளிய அனுப்பக் கூடாதுன்னு உங்க துறைதானே விதி போட்டிருக்கு?"

விதி அப்படித்தான் இருந்தது. 'என் பொறுப்பு' என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கலாம். கூடவே போகவும் வேண்டியிருந்திருக்கும். ஆனால் மாடியில் இன்னும் எத்தனையோ கதவுகள் மூடியிருந்தன. அவள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால் அதற்குள் எந்தப் படுக்கை எப்படி மாறுமோ தெரியாது.

"சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேம்மா," என்றாள்.

நாத்தனார் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "அப்ப அவன் சொன்னது சரிதான்," என்றார். யார் சொன்னது, எதைச் சொன்னது என்று கேட்க அவளுக்கு அப்போது நேரமில்லை. மாடிக்கு ஓடினாள். மேலும் மூன்று பேர் அதே கதியில் கிடந்தார்கள்.

சாயங்காலம் சொன்னபடி கூட்டிப் போனாள். அண்ணி தீவிர சிகிச்சையில் இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடிந்தது. புண்ணிலிருந்து நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அண்ணி போய்ச் சேர்ந்தார். நாத்தனார் பக்கத்தில் இல்லை.

இல்லத்தின் உரிமத்தை ரத்து செய்ய ஆய்வாளர் பரிந்துரைத்தாள். நிர்வாகி சும்மா விடவில்லை; அதை எதிர்த்து முறையிட்டு, பெரிய வக்கீலையும் வைத்துக்கொண்டார். ஆய்வாளர் வந்த அன்று அந்த அம்மாளின் நாத்தனாரே 'ஒரு குறையும் இல்லை' என்றுதானே சொன்னார் என்பது அவர்கள் கட்சி.

நாத்தனார் விசாரணைக்கு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுடைய முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று ஆய்வாளரைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வந்தார். சாட்சி நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"ஒரு குறையும் இல்லைன்னு நீங்க சொன்னது உண்மைதானே?" என்றார் வக்கீல்.

"சொன்னேன்."

"அப்ப இன்னிக்கு மாத்திப் பேசறீங்க."

"அன்னிக்குப் பொய் சொன்னேன், இன்னிக்கு உண்மை சொல்றேன். புண்ணு சின்னதா இருக்கும்போதே இந்த ஆள்கிட்டப் போய் நின்னேன். 'வெளிய தெரிஞ்சா அதிகாரிங்க உங்க அண்ணியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, உங்களைப் பிரிச்சுடுவாங்க'ன்னார். பயந்துட்டேன். என் புடவையைக் கிழிச்சு நானே கட்டுப் போட்டேன். தைக்கத் தெரிஞ்ச அளவு எனக்கு வைத்தியம் தெரியலை." நிர்வாகியின் பக்கம் கையைக் காட்டினார். "அவர் சொன்ன மாதிரியே பிரிச்சாங்க. அதுல மட்டும் அவர் பொய் சொல்லலை."

ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டாள். சாட்சி தன் பக்கம்தான். வழக்கும் தன் பக்கம்தான் முடியப்போகிறது. ஆனாலும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உரிமம் ரத்தானது. அங்கே இருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றும் உத்தரவை எழுதும்போது அவள் ஒரு வரி சேர்த்தாள்: உறவினர், தம்பதியர், அல்லது பிரிய விரும்பாதவர் எவராயினும் ஒன்றாகவே அனுப்பப்பட வேண்டும்; மருத்துவமனைக்கு ஆனாலும் சரி. மேலதிகாரி பேனாவை அந்த வரியின் மேல் வைத்தார்.

"இதுக்குச் சட்டத்துல இடமில்லையேம்மா."

"கூடாதுன்னும் இல்லை சார்."

"நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டா?"

"நான் வந்து பதில் சொல்றேன்."

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். தொண்ணூறு வயதுத் தம்பதி ஒன்றும், தங்களுக்குள் பேச்சே இல்லாத அண்ணன் தம்பி இருவரும் அந்த வரியால் ஒரே வண்டியில் போனார்கள்.

கடைசி வண்டி நாத்தனாருக்கு. பைகளில் ஒன்றைத் தூக்க ஆய்வாளர் குனிந்தபோது அவர் தடுக்கவில்லை.

"உன் மேல எனக்கு இருக்கிற கோபம் போகாது," என்றார் படியில் இறங்கிக்கொண்டே.

"போக வேண்டாம்மா."

"என் மேலயும் போகாது."

படி மழையில் நனைந்து வழுக்கலாக இருந்தது. கையை நீட்டினாள். நாத்தனார் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கையை ஊன்றிக்கொண்டு இறங்கி வண்டியில் ஏறினார்.