ரூபினி ஏன் ஆலப்புழைக்குப் போனாள் என்று கேட்காதீர்கள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காட்சிதான். தை மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில், சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் எர்ணாகுளம் போகும் ரயிலுக்காகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மற்றதெல்லாம் நான் கட்டியது, ரூபினி என்கிற பெயர் உட்பட.

இதில் என்ன அதிசயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். மார்கழி, தை வந்துவிட்டால் ஈஜிபுராவிலும் ஜீவனஹள்ளியிலும் தெருவுக்குப் பாதிப் பெண்கள் சிவப்பில்தான் இருப்பார்கள். மாலை போட்டு, விரதம் இருந்து, இருமுடி கட்டி, தெருவே ஒரு பஸ் பிடித்து மேல்மருவத்தூர் அம்மன் கோயிலுக்குப் போகும். ஆனால் இவள் கழுத்தில் மாலை இல்லை. இருமுடி இல்லை. கையில் ஒரு ரெக்சின் பை. ஏறிய ரயிலும் மருவத்தூர்ப் பக்கம் போகிற ரயில் இல்லை.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

2

அந்த வாரம்தான் ஸ்ரீகண்டன் போன் செய்தார். ஒரு பத்திரிகையின் சுற்றுலாச் சிறப்பிதழைப் பார்த்துக்கொள்கிறவர். ஆலப்புழையைப் பற்றி வேண்டும், கட்டுரையாக வேண்டாம், கதை மாதிரி இருக்கட்டும், படகு வீடு, கலங்கரை விளக்கம், கடற்கரை எல்லாம் வந்துவிடட்டும் என்றார். நான் ஆலப்புழைக்குப் போய் வந்தவள். அந்தச் சிவப்புச் சேலைக்காரியை அங்கே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: காயலின் மேல் ஒரு மெல்லிய பனி

(வேண்டாம். 'மெல்லிய' என்று ஆரம்பித்த எதுவும் எனக்கு இதுவரை உருப்பட்டதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: கிழக்கின் வெனிஸ் என்று அழைக்கப்படும் இந்த

(யார் அழைத்தார்கள்? வெனிஸ்காரர்கள் யாராவது தங்கள் ஊரை மேற்கின் ஆலப்புழை என்கிறார்களா?)

மூன்றாம் தொடக்கம்: ரூபினி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தைக்கிறவள். ஈஜிபுராவில் வாடகை வீடு. புருஷன் ரவி டாக்ஸி ஓட்டுகிறான். மாமியார் லட்சுமம்மா கூட இருக்கிறாள். ரூபினிக்கு ஆலப்புழையைப் பார்க்க வேண்டும்.

இது நின்றது. இதையே ஸ்ரீகண்டனுக்கு அனுப்பினேன்.

"எல்லாம் சரிம்மா," என்றார். "அவ ஏன் போறாங்கறது வரலையே?"

3

சரி, காரணம்தானே, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முயற்சி செய்தேன்.

(அ) ரவியைக் கொன்றேன். அஸ்தியைக் காயலில் கரைக்க ரூபினி போகிறாள்.

(ஆ) ரவிக்கு உயிர் கொடுத்துவிட்டு, ஃபேக்டரியில் முன்பு வேலை பார்த்த ஒரு மலையாளி மெக்கானிக்கைக் கொண்டுவந்தேன். அவனைத் தேடி

(இ) அவளுக்கே ஒரு நோய். டாக்டர் கைவிட்டுவிட்டார். கடைசி ஆசையாக

மூன்றையும் அவள் கெடுத்தாள். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும்: ஒரு ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டால், அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். ரூபினி என் மேஜைக்கு எதிரே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரவி நல்லாத்தானே இருக்காரு, எதுக்கு அவரப் போட்டு சாகடிக்கிறீங்க என்றாள். மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தாள். நோய்க்குச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, நீங்க போன வருஷம் கோவா போனீங்களே. யாராவது செத்தாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்ரீகண்டனின் மகள் நிருபமா வியட்நாம் போய்வந்தாள். அவர் படம் படமாக அனுப்பினார். நானும் இதயம் போட்டேன். ஏன் போனாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபேக்டரியில் தைக்கிறவள் ஒரு ஊரைப் பார்க்கக் கிளம்பினால் மட்டும் ஒரு பிணமாவது வேண்டியிருக்கிறது நமக்கு. எனக்கு வந்த கோபத்தில் மூன்று காரணங்களையும் அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.*

* அடிக்குறிப்பு: ஒரு சமயம் அவள் லைனில் படகும் தென்னையும் அச்சிட்ட சட்டைகள் வந்தன. ஏற்றுமதிச் சரக்கு. மார்புப் பாக்கெட்டை வைத்துத் தைக்கும்போது படகு இரண்டாகத் தெரியக் கூடாது. பாக்கெட்டில் பாதி, சட்டையில் பாதி, இரண்டும் பொருந்தி ஒரே படகாக நிற்க வேண்டும். மாதக்கணக்கில் ரூபினி அதைப் பொருத்தினாள். இந்த மாதிரி ஊர் எங்கே இருக்கிறது என்று கட்டிங் மாஸ்டரைக் கேட்டபோது, ஆலப்புழையாக இருக்கும் என்றார். இதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகத்தான் அடிக்குறிப்பில் வைத்தேன்.

4

இப்போது சிவப்புச் சேலை. இதை நான் விளக்கித்தான் ஆக வேண்டும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ரூபினி புருஷன் இல்லாமல் ஊர் தாண்டியது அந்தச் சேலையில் மட்டும்தான். சிவப்புக் கட்டிக்கொண்டு பை எடுத்தால் தெருவில் யாரும் எங்கே, யாரோடு, எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ரவி தானாகவே சமையலைப் பார்த்துக்கொள்வான். லட்சுமம்மா வாசல்வரை வந்து வழியனுப்புவாள். வேறு நிறச் சேலையில் அவள் மடிவாளா மார்க்கெட்டுக்குப் போனாலே திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் தெரு பஸ் கிளம்பியபோது ஃபேக்டரியில் சரக்கு அனுப்பும் அவசரம். அவளுக்கு லீவு இல்லை. பஸ் போய்த் திரும்பியும் வந்தாயிற்று. அப்புறம்தான் லீவு கிடைத்தது. அன்றைக்கு அவள் பெட்டியைத் திறந்து, கை பழகிய பழக்கத்தில் சிவப்பை எடுத்துக் கட்டினாள். பயணம் என்றால் அதுதான் அவளுக்கு உடுப்பு. ஆலப்புழைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

சொல்ல விட்டால்தானே. மருவத்தூருக்கு ஃபேக்டரி குரூப்போடு போகிறாயா, மாலையும் இருமுடியும் அங்கேதானா என்றாள் லட்சுமம்மா, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்து, என் முட்டி வலிக்கும் சேர்த்து அம்மன்கிட்ட வேண்டிக்கோம்மா என்றாள். அடுத்த வீட்டு லவினா மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளும் வந்து, மகன் கண்ணாவுக்கு வேலை அமைய வேண்டும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். ரூபினி பழத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. பொய் சொல்லவில்லை என்று அவள் என்னிடம் வாதாடினாள். வாங்கிக்கொண்டாயே என்றேன்.

5

ஸ்ரீகண்டன் கேட்ட இடங்கள் இதோ.

போட் ஜெட்டியில் ஓலைக் கூரை போட்ட படகு வீடுகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் ரூபினியைக் கூப்பிடவே இல்லை. சிவப்புச் சேலைக்காரி சுற்றிப் பார்க்க வந்திருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவள் சர்க்கார் படகில் ஏறினாள். நம் ஊர் பஸ் மாதிரிதான் அது. மீன் கூடை, ஸ்கூல் பை, பக்கத்து ஆளின் தோளில் தூங்குகிறவர்கள், துறைக்குத் துறை நிறுத்தம். கண்டக்டர் அவள் உடையைப் பார்த்துவிட்டு எந்தக் கோயில் என்று மலையாளத்தில் கேட்டார்.

"கோயில் இல்ல. சும்மா," என்றாள் ரூபினி.

அவர் தலையாட்டிவிட்டு டிக்கெட் கிழித்தார். அவ்வளவுதான், ஐயா. ஒருவர் கேட்டார், ஒருத்தி சும்மா என்றாள், படகு கவிழவில்லை.

படகு நுழைந்த குட்டநாட்டில் வயல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. படகிலிருந்து குனிந்து பார்த்தால் நாற்று. ஒரு வரப்பில் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் இறங்கும் படி, படியில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள். ஒரு பெண் சின்ன வள்ளத்தில் காலிக் குடங்களை அடுக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். எங்கே என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள் ரூபினி. குடிதண்ணீர்க் குழாய்க்கு என்று பதில் வந்தது. ஈஜிபுராவில் டேங்கர் லாரிக்குக் குடம் தூக்குகிறவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், அங்கேயும் இந்தப் பேஜாருதான்.

மத்தியானம் கலங்கரை விளக்கத்தில் ஏறினாள். மேலே காற்று சேலையை உருவிவிடும்போல் அடித்தது. அப்புறம் கடற்கரை. பழைய கடல்பாலத்தில் மிச்சமிருக்கும் தூண்களைப் பார்த்தபடி வேர்க்கடலை தின்றாள். சந்தோஷமாக இருந்தாள். இந்த வாக்கியத்தை நான் எந்த அலங்காரமும் செய்யாமல் விடுகிறேன்.

(இங்கே அவள் பழத்தைக் கடலில் விடுவதாகவும், லட்சுமம்மாவின் முட்டிக்காக அலைகளிடம் வேண்டுவதாகவும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ரூபினி எடுக்கச் சொல்லிவிட்டாள். "அத்தை குடுத்தது அம்மனுக்கு. கடலுக்கு நான் எப்படி குடுக்கறது?")

6

முடிவு கேட்டு ஸ்ரீகண்டன் மறுபடி அழைத்தார். ஏதாவது நடக்க வேண்டாமா என்றார்.

நடக்க வைக்கலாம். திரும்பும்போது படகு கவிழ்கிறது. தனியாகப் போன பெண்ணைத் தண்ணீரிலேயே முடித்துவிடுவது நமக்குக் கைவந்த கலை. அல்லது ரவி கண்டுபிடித்து அடிக்கிறான். அல்லது அவளே மனம் மாறி, ஆலப்புழையிலிருந்து நேரே மருவத்தூர் போய் மன்னிப்புக் கேட்டு, குங்குமத்தோடு வீடு திரும்புகிறாள், எல்லோருக்கும் திருப்தி.

மாட்டேன். மூன்றும் ஒரே முடிவுதான்: இனிமேல் போகாதே. அதை எழுத என்னை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிறப்பிதழில் இடம் நிரம்பிவிட்டது என்றார். நிரம்பட்டும்.

7

ஆகவே இது உங்களுக்கு மட்டும்.

ரூபினி காலையில் தெருவுக்குள் வருகிறாள். சிவப்புச் சேலை கசங்கியிருக்கிறது. கோயில் போய் வந்தவள் வாசலில் நின்று குங்குமமும் பிரசாதமும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது வழக்கம். லட்சுமம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் பின்னால் லவினா. படியில் ரவி, பல் தேய்த்தபடி. நான் ரூபினியின் வாய்க்கு வசதியாக ஒரு பொய்யை எழுதி வைத்திருந்தேன்: குங்குமம் ரயிலில் கொட்டிவிட்டது. அவள் அதைத் தொடவில்லை.

பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மாமியார் கையில் திருப்பி வைக்கிறாள்.

"அத்தை, நான் மருவத்தூர் போகல. ஆலப்புழை போனேன். படகு பாத்தேன். உங்க வேண்டுதல வாங்கிட்டுப் போனது தப்பு, அதான் பத்திரமா கொண்டாந்துட்டேன். அடுத்த தடவ சிவப்பு கட்டாம, சொல்லிட்டுப் போவேன்."

ரவி பிரஷை வாயிலிருந்து எடுக்கிறான். லட்சுமம்மா பழத்தைப் பார்க்கிறாள். ரூபினி நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வருகிறாள். லட்சுமம்மாவுக்கு, லவினாவுக்கு. மூன்றாவதாக நிற்பது நீங்கள். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தீர்கள் அல்லவா, கையை நீட்டுங்கள்.

வைத்துவிட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கொட்டினாலும் சரி, வாயில் போட்டுக்கொண்டு படகு எப்படி இருந்தது என்று கேட்டாலும் சரி, உங்கள் இஷ்டம். ஏன் போனாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.