பெல்ட் மாட்டினால் வாய் திறப்பாள்

எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஆனால் கார் சீட் இருந்தது. அக்கா வாங்கி அனுப்பியது. "அதுல உட்கார இப்பவே பழக்கிடுடி. இங்க அது இல்லாம குழந்தைய கார்ல ஏத்தவே முடியாது" என்று போனில் சொன்னாள்.

கார் இல்லாத வீட்டில் கார் சீட்டுக்கு எப்படிப் பழக்குவது? சுவரோரம் வைத்து, பட்டாணியை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, சாப்பாடு ஊட்டினேன். வீடு முழுக்கத் துரத்தித் துரத்தி ஊட்டும் வேலை மிச்சமானது.

பட்டாணி அக்காவின் மகள். அக்காவுக்கும் மாமாவுக்கும் மாறி மாறி ஷிப்ட். நடக்கத் தொடங்கும் முன்பே அவளை எங்களிடம் விட்டுப் போனார்கள். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள். சும்மா இருப்பவள் இடுப்பில்தான் பிள்ளை ஏறும். இப்போது அக்கா ஊரில் குழந்தைகள் காப்பகத்தில் இவளுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். டிக்கெட் அனுப்பினாள். பட்டாணிக்குப் போக மட்டும். எனக்குப் போகவும் வரவும்.

"அக்கா இருன்னு சொன்னா அங்கேயே இருந்துக்கட்டுமாம்மா?" என்றேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே, "முதல்ல அவ வாயால சொல்லட்டும்" என்றாள்.

விமான நிலையத்தில் முதுகில் சீட், இடுப்பில் பட்டாணி. பரிசோதனை மெஷினுக்குள் சீட் நுழையவில்லை. அங்கிருந்த பெண் காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, வீட்டு நாற்காலியவே தூக்கிட்டு வந்துட்டியா? உள்ள சீட் போட்டிருப்பாங்களே."

"அது இவளுக்குப் பெருசுங்க."

மெத்தையைத் தூக்கி உதறினார். காய்ந்த பருக்கைகளும் அரை பிஸ்கெட்டும் விழுந்தன. "உள்ள ஒரு ஓட்டலே நடத்தியிருக்கா" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

பணிப்பெண் சீட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். விமானத்தின் பெல்ட்டை அதற்குள் நுழைத்து, முட்டி போட்டு அழுத்தி இறுக்கினேன். பிறகு பட்டாணியை உட்காரவைத்து அவள் பெல்ட்டை மாட்டினேன். டக்கென்று சத்தம் கேட்டதும் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைப் பொறுத்தவரை அது கார் சீட்டே இல்லை. சாப்பிடும் இடம்.

வாழைப்பழம், பிஸ்கெட் எல்லாம் விமானம் நகர்வதற்குள் தீர்ந்துபோயின. பெல்ட்டை அவிழ்க்கவும் கூடாது. அவள் வாயைத் திறந்தபடியே அழுதாள். முன் சீட்டை உதைத்தாள். அதிலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பசியாம்மா?"

"பசி இல்லைங்க. சாப்பாடு வரலைன்னு அழறா."

"எனக்கும்தான் வரல. நான் யாரையாவது உதைக்கிறேனா?"

பையில் அவளுடைய ஸ்பூன் இருந்தது. வெறும் ஸ்பூனை வாயில் வைத்தேன். வாயை மூடினாள், இழுத்தேன், விழுங்கினாள். மறுபடி திறந்தாள். அப்படியே வெறும் காற்றை உண்டு உண்டு தூங்கிப்போனாள்.

சீட்டின் உயரம் ஜன்னலை மறைத்தது. எனக்கு ஒரு விரல் அகலத்துக்குத்தான் வானம் தெரிந்தது. இந்த வித்தை அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். காரில் உட்காரவைப்பாள். இவள் அழுவாள். எதற்கென்று புரியாது. 'நீ இல்லாம முடியாதுடி, இருந்துடு' என்பாள். அதை அக்காவின் குரலில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தூங்குகிறவளின் கால் என் மடியில் கிடந்தது.

விமானம் இறங்கி வெளியே வந்ததும் அக்கா ஓடிவந்து பட்டாணியை வாங்கிக்கொண்டாள். இவள் கட்டையாக விறைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். காரின் பின்பக்கம் அக்கா சீட்டை ஒரு நொடியில் பொருத்தினாள். பிள்ளையை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். டக்.

வாய் திறந்தது.

"என்னடி இது, கொட்டாவியா?"

ஸ்பூன் இருந்த பையை நான் திறக்கவில்லை. பட்டாணி அழ ஆரம்பித்தாள். "அம்மாடா செல்லம், அம்மா" என்று அக்கா கெஞ்சினாள். அவிழ்த்துத் தூக்கினாள். மறுபடி உட்காரவைத்து மாட்டினாள். மறுபடியும் திறந்த வாய், அழுகை.

"என்னைப் பிடிக்கலையாடி இவளுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

பையைத் திறந்து ஸ்பூனை எடுத்து நீட்டினேன். "இதை வாயில வைக்கா."

"வெறும் ஸ்பூனையா?"

"வையேன்."

பட்டாணி வாயை மூடினாள், விழுங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்த்து மறுபடி திறந்தாள்.

"அட, இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. காரோட்ட வந்திருந்த மாமா முன்கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்து என் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

"திரும்ப என்னைக்கும்மா டிக்கெட்?" என்று மாமா கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மாமா."

பின்னால் அக்கா, "ஆ... எங்கே, ஆ காட்டு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் அப்படிச் சொல்லி ஊட்டியதில்லை. பெல்ட் சத்தமே போதும் அவளுக்கு.